நான்டா, நான்டா

இன்று வெள்ளிக்கிழமை, லீவு. ஷார்ஜா வீட்டு ஹாலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மகளின் அறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. மூச்சே விடாமல் ஓடும் ஜப்பான் பாட்டு. பாடுவது மனுசி இல்லை, கம்ப்யூட்டர். நடுவில் ஓரிடத்தில் "ந ந ந நான்டா, நான்டா" என்று திக்கியது. கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன் பாய்.

கதவைத் திறந்து நானும் சேர்ந்து பாடினேன். மகள் வாயைப் பிளந்தாள். "அப்பா, உங்களுக்கு எப்படி இது தெரியும்?" "நீ பிறக்கிறதுக்கு முன்னாலயே தெரியும்" என்றேன். நம்பமாட்டேன் என்கிறாள். சாட்சி சொல்ல வேண்டிய நீ, பாய், எனக்கு முந்திக்கொண்டு போய்விட்டாய். உன்னைத்தான் திட்ட வேண்டும்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. துபாய் அல் கூஸில் எங்கள் அலுமினிய ஒர்க்ஷாப்புக்கு எதிரே உன் மொபைல் கடை. நீ கீழக்கரை, நான் முதுகுளத்தூர்ப் பக்கம். ஒரே வயது. நீ என்னை மாப்ளே என்பாய், நான் உன்னை "பா... பா... பாய்" என்பேன். சின்ன வயதிலிருந்தே எனக்குத் திக்குவாய். பொறுமை இல்லாதவர்கள் என் வார்த்தையைப் பிடுங்கி அவர்களே முடித்து வைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீ மட்டும் முடிக்கமாட்டாய். நான் சொல்லி முடிக்கும்வரை ஏதாவது ஒரு போனின் பின்மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாய்.

போன்தான் எனக்கு எமன். ஊருக்குக் கூப்பிட்டால் அம்மா எடுப்பாள். சத்தம் வரவில்லை என்றாலே, "சொல்லுப்பா, மெதுவாச் சொல்லு" என்பாள். கல்யாணமான மூன்றாம் மாதம் நான் விமானம் ஏறினேன். மனைவி வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போனாள். அங்கே இருந்த ஒரே போன் அவள் அண்ணன் கையில். நான் திக்குவது அந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கல்யாணத்தில் நான் வாயே திறக்கவில்லை. "மாப்ள ரொம்ப அமைதி" என்று பெருமைப்பட்டார்கள். "அவுக வீட்ல சொல்லிராத தாயி" என்று அம்மா அவளிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

உன் கடையிலிருந்து காலிங் கார்டு போட்டுக் கூப்பிட்டேன். அந்தக் கார்டில் பேசினால் அந்தப் பக்கம் என்ன நம்பர் விழும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் எடுத்து, "யாரு?" என்றான். "நான்" என்ற ஒற்றைச் சொல் வரவில்லை. மூச்சு மட்டும் போனது. வைத்துவிட்டான். மறுவாரமும் அதே கதை. மூன்றாம் வாரம், "நான் பேசித் தர்றேன் மாப்ளே" என்று நீ வாங்கி, "ஒங்க வீட்டு மாப்ள பேசுறாக" என்று சொல்லி என்னிடம் கொடுத்தாய். அப்போதும் மூச்சுதான்.

"இப்ப ரெண்டு பேராக் கெளம்பிட்டீகளா? வயித்துப்பிள்ளக்காரி இருக்க வீட்டுக்குப் போன் போட்டு மூச்சா விடுற? நேர்ல வாடா, கொரவளய அறுத்துர்றேன்!" என்று கத்தினான். அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தங்கையின் பக்கம் திரும்பி, "யாரு இவன்? ஒனக்குத் தெரிஞ்சவனா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவள் அழுததும் கேட்டது.

கட்டியவனே தன் மனைவிக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தால் என்ன செய்வது! "ஒங்க அம்மாவ விட்டுச் சொல்லச் சொல்லேன்" என்றாய். தலையாட்டி மறுத்தேன். 'நான்' என்று சொல்ல வராதவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்பார்களே. வெட்கம் பிடுங்கித் தின்றது.

என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான், பழைய பாட்டு ஏற்றித் தருகிறேன் என்று என் மெமரி கார்டை வாங்கினாய். அவசரத்தில் ஃபோல்டர் மாறிவிட்டது. எங்கள் ஸ்டோர்கீப்பர் பிலிப்பினோ உன் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்த ஜப்பான் பாட்டுகள் ஏறிவிட்டன. மறுநாள் டீ நேரத்தில் கார்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தேன். நீ போட்டுக் கேட்டாய். "ந ந ந நான்டா, நான்டா."

"யா அல்லா! மாப்ளே, கார்டும் ஒன்னய மாதிரியே திக்குதுடா!"

ரீசார்ஜ் பண்ண வந்த பிலிப்பினோ சிரித்தான். "கராப் நஹி, பாய். ஸ்டைல்! கம்ப்யூட்டர் சிங்கிங்." கார்டு கெடவில்லை, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று விளக்கினான்.

"கேட்டியா? அங்க மெனக்கெட்டுத் திக்க வைக்கிறான். நீ ஓசியிலயே திக்குற" என்றாய். நான் சிரித்துவிட்டேன். மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. "பாடு மாப்ளே. பாடுறவ ஆளும் இல்ல, நமக்கு அர்த்தமும் தெரியாது. தப்புன்னு எவன் வந்து சொல்லப் போறான்?" கண்ணாடிக் கவுண்டரில் தாளம் போட்டாய். பாடினேன். அந்த ஓட்டத்தில் பயப்பட எங்கே நேரம்? ஒரு இடத்திலும் நாக்கு ஒட்டவில்லை. திக்க வேண்டிய இடத்தில் மட்டும் அதோடு சேர்ந்து திக்கினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து கடையைத் திறந்தாய். காலிங் கார்டு போட்டாய். தாளமும் போட்டாய். "யாரு?" என்றான் அண்ணன்.

"ந ந ந நான்தான், நான்தான், மாப்ள பேசுறேன்!"

"மாப்ளயா? என்ன மாப்ள, பாட்டாப் பாடுறீக?"

"எனக்குத் தி... திக்கும் மச்சான். இத்தன நாளும் கூப்பிட்டது நான்தான்."

"அட ஆண்டவா! கொரவளய அறுப்பேன்னேனே! மனசுல வச்சிக்கிராதீக மாப்ள. தங்கச்சி, ஏ தங்கச்சி, இங்க ஓடியா!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளை உதைக்கிறது என்றாள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால், நீ ஒரு போனின் பின்மூடியைத் தலைகீழாக மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது பிறகுதான். ஜப்பான் மொழியில் 'நான்டா' என்றால் 'என்னது?' என்று கேட்பதாம், பிலிப்பினோ சொன்னான். "அது யாரு என்னன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. நீ பாட்டுக்கு நான்தான், நான்தான்னு பதில் சொல்லியிருக்கியேடா!" என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அன்றிலிருந்து நமக்குள் போனில் ஹலோ கிடையாது. நான்டா மட்டும்தான்.

போன வருடம் ஊரில் உனக்கு வாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது என்றார்கள். கூப்பிட்டேன். உன் மகன் போனை உன் காதில் வைத்தான். "நான்டா" என்றேன். மூச்சு மட்டும் வந்தது.

"வாப்பாவால பேச முடியல மாமா. வச்சிரட்டுமா?"

"வைக்காத தம்பி" என்றேன். காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து வந்தது: "நா... நா..." எனக்குத் தெரியாத சொல்லா? ஆனாலும் அதை நான் முடித்து வைக்கவில்லை பாய். நீயாக முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். முடித்தாய்.

அடுத்த வாரம் நீ போய்விட்டாய் என்று மௌத் செய்தி வந்தது. அழுதேன். ஆனால் அன்று அவசரப்பட்டுப் போனை வைக்காமல் இருந்தேனே என்ற நிம்மதி இருக்கிறதே, அது இன்றுவரை என்னைத் தாங்குகிறது.

இப்போதும் சில நேரம் பேசாத போன் வரும். "வேஸ்ட் கால்ப்பா, கட் பண்ணுங்க" என்பாள் மகள்.

"இரும்மா" என்பேன். "யாருக்கோ வார்த்தை வந்துக்கிட்டு இருக்கு."