எல்லாக் கதவிலும் ஒரே கோடு

அன்புள்ள தேசம்மா அக்கா,

இது உன் பெயர் இல்லை என்று உனக்குத் தெரியும். நாலு பேர் படிக்கிற கடிதம், அதனால் மாற்றி வைத்திருக்கிறேன். உன் குப்பத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தப் புத்தி எனக்கு முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

எமர்ஜென்சிக்கு முந்திய வருஷம், தொழுநோய் பார்க்கும் ஊழியனாகச் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்தேன். உன் முழங்கையில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தது. அடுத்த முறை மாத்திரை கொண்டுவரும்போது வீடு தவறிவிடக் கூடாதே என்று, உன் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனேன். எங்கள் வேலையில் அது வழக்கம். ஒரு கோடு யாரை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன், மடையன்.

மறுவாரம் வந்தால், கரையில் உன் கூடை மீன் அப்படியே இருந்தது. ஒருத்தரும் வாங்கவில்லை. உன் மகள் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா தம்பி, என் கையில கீறத கதவுல எழுதிட்டுப் போய்ட்டியே. என்னை ஒரு வார்த்த கேட்டியா?" என்றாய். நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு என் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துப்போய், குப்பத்தில் இருந்த அத்தனை கதவிலும் அதே கோட்டைப் போட்டாய். ஊர்த்தலைவர் வீட்டையும் விடவில்லை. "இன்னாம்மே இது?" என்று அவர் வந்து நின்றார். "இப்ப யார் வூட்ல இன்னா நோவுன்னு கண்டுபுடி பாக்கலாம்" என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அன்றிலிருந்து எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்து வந்தேன். யாருக்கு மாத்திரை, யாரிடம் வெறும் பேச்சு என்று வெளியே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக உன் மீனும் விற்றது, தேமலும் ஆறியது. அதற்கப்புறம் பாழாய்ப்போன காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது ஒரு சேதி. போன வாரம் உன் மகளைப் பெண் கேட்டவர், மாப்பிள்ளையின் அப்பா, நேரே என்னிடம் வந்தார். "அந்தம்மா மாத்திர சாப்டுகினு இருந்துச்சாமே, மெய்தானா? நீ சொன்னாத்தான் கண்ணாலம்."

இல்லை என்று ஒரு பொய் சொன்னால் முடிந்தது. ஆனால் ஒருவருக்கு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால், நான் வாய் திறக்காத வீடெல்லாம் நோய் வீடு ஆகிவிடாதா? உன் மகளை நினைத்தால் அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாம் என்றும் இருந்தது அக்கா.

"யார் வூட்டு விஷயத்தையும் யாருக்கும் சொல்றதில்ல பெரியவரே" என்றேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்ப நான் ஒன்னு காட்டினா, அதையும் சொல்ல மாட்டியே?" என்றார்.

உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். அவர் காட்டியது என்ன என்பதை உனக்கும் சொல்ல மாட்டேன்.

தை மாதம் கல்யாணம். தாய்மாமன் இடத்தில் நான் நிற்பேன். இனி ஒருவரைக் கேட்காமல், அவர் உடம்பைப் பற்றி எங்கேயும் எதையும் எழுத மாட்டேன்.

உன் கூடப்பிறக்காத தம்பி