நான் எழுதிய பூஜ்யங்கள்

இன்று மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கினேன். சுருளை உரித்ததும் அந்தப் பசை வாசனை. பீளமேட்டு விடுதி அறை. உன் விரல்கள்.

நீ சத்தியமங்கலத்துக்காரி. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனி வேலை. நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஓர் அறையில், தோலைக் கிள்ளிப் பிய்க்கும் இரண்டு பேர். நான் தோள்பட்டையில், துணிக்குள். நீ கட்டைவிரல் ஓரங்களில், ரத்தம் வரும்வரை. அது தெரிந்த அன்று நீ சிரித்தாய்: “வார்டன் அளவெடுத்துத்தான் ரூம் போட்டிருக்காங்க, அம்மணி.”

மனநல ஆலோசகர் அம்மா ஒருவரிடம் சேர்ந்தே போனோம். மாத்திரை இல்லாமல் முயல்வோம் என்றார். கை எப்போது போகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். போனால் ஒரு நிமிடம் விரல்களை இறுக்கி மடக்கிக்கொள்ள வேண்டும். நுனிகளில் பிளாஸ்திரி. கிள்ளிய ஒவ்வொரு முறைக்கும் நோட்டில் ஒரு கோடு.

ஞாயிறுதோறும் நீ ஆராதனை முடிந்து வந்ததும் நோட்டுகளை மாற்றிப் பார்ப்போம்.

மூன்றாம் மாதம் எனக்குப் பரீட்சை. கோடுகள் கூடின. உன் முன் தோற்க வெட்கமாக இருந்தது. பூஜ்யம் என்று எழுதினேன். ஒரு வாரம். பிறகு ஐந்து வாரம்.

நீ நம்பினாய். தேங்காய் பன் வாங்கி வந்து கொண்டாடினாய். அடுத்த ஞாயிறு உன் நோட்டை நீட்டவில்லை.

“உனக்கு நின்னுபோச்சு. எனக்குத்தான் ஆவமாட்டீங்குது. நா எதுக்கு அந்தம்மா நேரத்த வீணாக்கோணும்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். விட்டுவிடாதே என்று அறிவுரை மட்டும் சொன்னேன், ஜெயித்தவளைப் போல. அதன்பின் நீ போகவே இல்லை.

மழைக்காலத்தில் காய்ச்சலோடு ஊருக்குப் போனாய். ஆறாம் நாள் போன் வந்தது. காய்ச்சலுக்கும் விரலுக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் சவப்பெட்டியில் உனக்கு வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். அதை இழுத்துச் சரிசெய்தபடி உன் அம்மா சொன்னார்: “கடைசி வரைக்கும் கையை மறைச்சுட்டேதான் இருந்தா, கண்ணு.”

நான் தலையாட்டினேன்.

பிறகு ஆலோசகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு என்ன மார்க் ஷீட்டா என்று கேட்டார். திட்டியிருக்கலாம்.

இன்னும் போகிறேன். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. போன வாரம் காத்திருக்கும் பெஞ்சில் ஒரு புதுப் பெண், கைகளைப் பைக்கு அடியில் வைத்திருந்தாள். “உங்களுக்குச் சுத்தமா நின்னுபோச்சுங்களா?”

“இல்லைங்க. நேத்துகூட நாலு தடவை.”

எவ்வளவு சின்ன வாக்கியம். உன்னிடம் சொல்ல எனக்கு ஆறு வாரம் இருந்தது.

அவள் கையை மெல்ல வெளியே எடுத்தாள். என்னால்தான் பார்க்க முடியவில்லை.