ஐந்து பிக்குகளில் ஒருவர்

மௌல்மீன், பர்மா
11 ஜனவரி 1973

கோ தௌங் அவர்களுக்கு,

காவி கட்டியவருக்கு இப்படிப் பழைய பெயரைச் சொல்லி எழுதக் கூடாதாம். 'வணக்கத்துக்குரிய ஊ சுமங்கலா' என்றுதான் தொடங்க வேண்டும் என்கிறாள் பக்கத்து வீட்டு டோ பூ. எழுதிப் பார்த்தேன். பதினான்கு வருடம் குடித்தனம் நடத்திய மனிதருக்கு அப்படி எழுதக் கை வரவில்லை.

நானும் சண்டாவும் நலம். கௌசுவே நூடுல்ஸ் கடை நன்றாக ஓடுகிறது. வீட்டில் புத்தர் பாடுதான் திண்டாட்டம்.

பதினைந்து நாள் துறவு என்று சொல்லிச் சகாயிங் மடத்துக்குப் போனீர்கள். மூன்று வருடம் ஆகிவிட்டது. நீங்கள் புறப்பட்ட அன்றுதான் அந்தச் சலவைக்கல் சிலை வந்து இறங்கியது. "நானே பிக்குகளோட வந்து ஓதுறேன். அதுவரைக்கும் பூஜை மாடத்துல ஏத்தாதே" என்றீர்கள். அது இன்னும் துணி அலமாரி மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து பிக்குகள் சேர்ந்து ஓதும்வரை சிலை வெறும் கல்தான், புத்தர் இல்லை என்கிறார்கள். சரி, கல்தான் என்றால் அதன் எதிரே கால் நீட்டிப் படுக்கலாமா? தூசி தட்டினால் குற்றமா, தட்டாவிட்டால் குற்றமா?

போன வாரம் சண்டா அதற்குப் பூ வைத்துவிட்டாள்.

"எடுடி. அவர் இன்னும் புத்தர் ஆகல."

"எப்பம்மா ஆவாரு?"

"உங்கப்பா வந்ததும்."

"அப்போ ஆகவே மாட்டாரா?"

பதினொரு வயசுப் பெண்ணின் கேள்வி. பதிலை நீங்களே எழுதுங்கள்.

ஓன் யீ


சகாயிங்
6 பிப்ரவரி 1973

உபாசகி ஓன் யீயும் மகள் சண்டாவும் நோயின்றி, பகையின்றி வாழ்க.

கடிதம் கிடைத்தது. மார்ச்சில் பாலி மொழித் தேர்வு இருக்கிறது. அது முடிந்த பிறகு வரப் பார்க்கிறேன். மனம் தெளிவாக இருந்தால் மாடம் வெறுமையாக இருப்பதில் தவறில்லை. கோபத்தில் எழுதும் கடிதத்தை ஒருநாள் வைத்திருந்து அனுப்புவது நல்லது.

ஊ சுமங்கலா


மௌல்மீன்
20 மார்ச் 1973

கோ தௌங் அவர்களுக்கு,

ஒருநாள் வைத்திருக்கச் சொன்னீர்கள். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதி ஐந்து நாள் வைத்திருந்தேன். கோபம் கூடியதுதான் மிச்சம். அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மடத்துக்கு வருகிற பெண்களில் ஒருத்தியைப் போல நான் உபாசகியா? சண்டா பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்த உங்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தவளும் இந்த உபாசகிதான்.

உங்களைக் குறை சொல்லி எங்கள் தெரு மடத்துப் பெரிய பிக்குவிடம் போனேன். அவர் சிரிக்கிறார்.

"எந்தப் பிக்கு ஓதினா என்னம்மா? புத்தர் ஒருத்தர்தானே?"

"அவரே வர்றேன்னு வாக்குக் குடுத்தாரு சாமி."

"நீ புத்தருக்குக் காத்திருக்கியா, புருஷனுக்கா?"

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன்.

மே மாதம், புத்தர் ஞானம் பெற்ற கசோன் பௌர்ணமிக் காலைக்கு நாள் குறித்துவிட்டேன். நான்கு பிக்குகளுக்குச் சொல்லியாயிற்று. ஐந்தாவது இடம் உங்களுக்கு. வராவிட்டால் தெரு மடத்திலேயே இன்னொருவர் இருக்கிறார். தேர்வு, தெளிவு என்று எதுவும் எழுத வேண்டாம். வருவதானால் வாருங்கள்.

ஓன் யீ


சகாயிங்
9 ஜூன் 1973

ஓன் யீ,

கசோன் பௌர்ணமிக்கு வந்து போனதிலிருந்து படிப்பு ஓடவில்லை. அன்று நான் ஐந்தாவதாக உட்கார்ந்து, சிலையிலிருந்து எங்கள் கைவரை கட்டிய வெள்ளை நூலைப் பிடித்துக்கொண்டு ஓதினேன். பலமுறை ஓதிய வரிகள்தான். 'வீடு கட்டுகிறவனே, உன்னைக் கண்டுகொண்டேன், இனி நீ வீடு கட்டமாட்டாய்' என்று புத்தர் சொல்லும் இடம் வந்ததும் நின்றுபோனேன். நம் வீட்டுக் கூரைக்கு நானே ஏறி ஓலை வேய்ந்தது நினைவுக்கு வந்துவிட்டது. மற்ற நால்வரும் ஓதிக்கொண்டே போனார்கள். ஓதும்போது கையில் பிடிக்கும் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நீ பார்த்திருப்பாய்.

சண்டா சோறு படைத்தாள். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா சாமி?" என்றாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள்!

மழைக்காலம் முடிந்ததும் காவியைக் களைந்துவிட்டு வீட்டுக்கு வரலாமா? நீ சரி என்றால் வருகிறேன்.

தௌங்


மௌல்மீன்
1 ஜூலை 1973

கோ தௌங் அவர்களுக்கு,

நீங்கள் தடுமாறியதைப் பார்த்தேன். டோ பூவும் பார்த்தாள். "சாமிக்கு மறந்துபோச்சு போல" என்று காதைக் கடித்தாள். "தொண்டை கட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காகப் பொய் சொல்வது இன்னும் சுலபமாகத்தான் வருகிறது.

ஓதி முடித்ததும் சிலையைப் பார்த்தேன். அதே கல், அதே மூக்கு. ஆனாலும் கை தானாகக் குவிந்தது. பிறகு உங்கள் பக்கம் திரும்பி மூன்று முறை விழுந்து கும்பிட்டேன். கும்பிட்டு எழுந்தபோதுதான் கவனித்தேன், எனக்கு உங்கள் மேல் கோபமே இல்லை. மூன்று வருடமாக அந்தக் கோபம்தான் எனக்குப் புருஷனாக இருந்தது. அதுவும் போன பிறகு வீடு முழுக்க வெளிச்சமாக இருக்கிறது. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இது பிடித்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைச் சண்டாவிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "அப்பாவுக்கு அங்க என்ன குறைன்னு கேளும்மா" என்றாள்.

நானும் அதைத்தான் கேட்கிறேன். படகுத்துறையில் வேலை பார்த்தபோது மடத்தையே நினைத்துக்கொண்டிருந்தீர்கள். மடத்துக்குப் போய்க் கூரையை நினைக்கிறீர்கள். வீட்டுக்கு வந்தால் மறுபடி எதை நினைப்பீர்கள்? துறவுக்குப் போக என் சம்மதம் கேட்டீர்கள். அழுதுகொண்டே கொடுத்தேன். திரும்பி வரவும் என் சம்மதமே கேட்கிறீர்கள். இதை அழாமல் எழுதுகிறேன்: வேண்டாம். ஒரு இடத்திலாவது முழுசாக இருங்கள்.

தினமும் காலையில் சண்டா மாடத்தில் தண்ணீர் மாற்றுகிறாள். நான் புத்தருக்கு முதல் சோறு வைத்துவிட்டுக் கடை திறக்கிறேன்.

மழை விட்டதும் எங்கள் தெருவிலிருந்து சகாயிங் மடங்களுக்குக் காவி கொடுக்கப் போகிறார்கள். உங்களுக்கென்று ஒன்று நெய்யச் சொல்லியிருக்கிறேன். தோள் அளவு எனக்குத் தெரிந்த பழைய அளவுதான். இளைத்துப்போயிருக்கிறீர்கள், கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். இழுத்துச் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஓன் யீ