மூணு நாள் மறைத்த தந்தி

மே 13, திங்கள்

மழை வரவில்லை. காலையில் நாலு பலா இறக்கினோம். ஒன்று உள்ளே அழுகல். மீதியை மகன் முருகானந்தம் சோளக்காட்டுச் சந்தைக்கு எடுத்துப் போனான்.

மூணு மணிக்கு டிவியில் பழைய தொடர் ஒன்று வருகிறது. வெள்ளைக்காரப் பட்டாளம், கறுப்பு வெள்ளைப் படம். தமிழில்தான் பேசுகிறார்கள், ஆனால் வாய் மூடின பிறகும் பேச்சு வருகிறது. எட்டுப் பேர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு ஊரைப் பிடிக்கிறார்கள், மறுநாள் அதை விட்டுவிட்டு வேறு ஊர். எதற்கென்று அவர்களுக்கும் தெரியவில்லை. மருமகள் பானுமதி வேற மாத்தப் போனாள். இருக்கட்டும் என்றேன்.

என் அண்ணன் முத்தனும் இப்படித்தான் நடந்திருப்பான் போல.

மே 15, புதன்

மேல்பக்கத்து அருணாசலம் ஊட்டு டிவி டிஷ் மேல் பலாப்பழம் விழுந்து நசுங்கிப் போனதாம். பானுமதி சொன்னாள். சிரித்தேன். மறைக்கவில்லை.

மூணு மணிக்கு அவன் எங்கள் வாசலில் வந்து நிற்கிறான். பானுமதியைக் கேட்கிறான்: "ஏனுங்கம்மா, அந்தப் பட்டாளக் கதை இங்க வருதுங்களா?" இவளும் நாற்காலியை எடுத்து நிலைப்படிக்கு உள்ளே போட்டுவிட்டாள். எழுபத்தைந்து வயசுக்காரரை நிற்க வைக்கலாமா என்று என்னையே கேட்கிறாள்.

நிற்க வைக்கலாம். அவனோடு நான் பேசி ஐம்பத்திரண்டு வருஷம்.

மே 16, வியாழன்

ஏன் என்று எழுதி வைக்கிறேன். நான் போன பிறகு யாரும் மாத்திச் சொல்லக் கூடாது.

அருணாசலம் என் அம்மாவின் அண்ணன் மகன். எனக்கு முறை மாப்பிள்ளை. என்னை அவனுக்குக் கொடுப்பதாகத்தான் பேச்சு. அவனும் முத்தனும் ஒரே நாளில் சேலம் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அப்போது எங்கள் மலைக்குத் தபால் வாரம் ஒரு தடவை வந்தால் பெரிது. அதனால் ரெண்டு பேரும் அடிவாரத்தில் காரவள்ளியில் இருந்த அவன் அக்கா அத்தாயி விலாசத்தைத்தான் கொடுத்தார்கள்.

எழுபத்தொண்ணு பாகிஸ்தான் சண்டை முடிந்தது. அவன் லீவில் அக்கா ஊட்டுக்கு வந்தான். முத்தன் வயித்தில் குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தான். தேறி வருகிறான் என்று கடுதாசி வந்தது. மாசியில் மாரியாயி நோம்பி. எங்கள் அப்பன் காப்புக் கட்டினார். தீர்த்தக் குடம் எடுப்பது எங்கள் ஊட்டு உரிமை. காப்புக் கட்டினவர் காதில் சாவுச் செய்தி விழக் கூடாது. விழுந்தால் அப்போதே காப்பை அவிழ்த்து, நோம்பியை நிறுத்தி, ஊரே தலை முழுக வேண்டும்.

புதன்கிழமை தந்தி வந்தது. முத்தன் இல்லை என்று. வாங்கினது அருணாசலம். அங்கிருந்து எங்கள் ஊருக்கு அரை நாள் நடை. அவன் வந்தது சனிக்கிழமை சாயங்காலம்.

நடுவில் என்ன நடந்தது? வியாழன் கிடாய் வெட்டினோம். அம்மா முதல் துண்டை இலையில் எடுத்து வைத்து, எம் மகன் தேறி வரணும் என்று கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை கும்மி. நான்தான் முன்னே நின்று பாடினேன். அரக்குச் சேலை, தலையில் கனகாம்பரம். என் குரல் மேலூர் வரைக்கும் கேட்டது என்றார்கள். செத்துப் போன அண்ணனுக்குத் தங்கச்சி கும்மி அடித்தாள்.

செய்தி கேட்டு அம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். கறி தின்ன வாய் என்று. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். கறி தொடவில்லை.

ஊர் முன்னால் கேட்டேன், ஏன் மூணு நாள் என்று. தலையைக் குனிந்தான். துப்பாக்கிக்குப் பயப்படாதவன் ஒரு பொம்பளை அழுகைக்குப் பயந்து அக்கா முந்தானையில் பதுங்கிக் கிடந்தான், இவனை நான் கட்ட மாட்டேன் என்றேன். கட்டவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் இந்தக் கதையை நான் சொல்லாமல் வந்ததில்லை. அவன் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

மே 20, திங்கள்

தினமும் வருகிறான். இன்று டிவியைப் பார்த்து, "அப்படி நிமிர்ந்து நின்னா தல போயிரும்" என்றான். போய்விட்டது.

நான் பானுமதியிடம் சொன்னேன், இப்ப செத்தவன் போன வியாழக்கிழமையும் செத்தான், அப்ப மீசை வச்சிருந்தான் என்று. அவனும் பானுமதியிடமே சொன்னான்: "ஆமாங்கம்மா. அதுக்கு முந்தி பால்காரனா வந்தும் செத்தானுங்க." எனக்கு ஞாபகம் இருந்ததுதான். அவன் முந்திக்கொண்டான்.

"ரெண்டு பேரும் என்னைத் தபால்பெட்டி ஆக்கிட்டீங்க" என்று பானுமதி அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ரெண்டு பேரும் டிவியிடம் சொன்னோம். டிவிக்குத்தான் கஷ்டம்.

மே 22, புதன்

அவன் வரவில்லை. பல்வலியாம். வலிக்கட்டும்.

மே 28, செவ்வாய்

இன்றைக்குக் கதையில் ஒருத்தன் செத்துப் போன கூட்டாளியின் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அவன் அம்மாவைப் பார்க்கப் போகிறான். அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எம் மகன் சௌக்கியமா என்கிறாள். சௌக்கியம் என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி நடக்கிறான்.

"ஊருக்கு ஊர் இப்பிடி ஒரு கோழை இருக்கறான்" என்று டிவியிடம் சொன்னேன்.

விளம்பரம் வந்தது. நான் விடவில்லை. மூணு நாள் பதுங்கினவனுக்கு இவன் தேவலை, வாசல் வரைக்கும் வந்தானே என்றேன். அருணாசலம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கதை பாதியில் இருந்தது. மீதியை நான் பார்த்தேன். என்ன நடந்தது என்று இப்போது யோசித்தால் நினைவில் இல்லை. எதையும் மறக்காத எனக்கா?

மே 29, புதன்

பானுமதி சோளக்காட்டுக்குப் போயிருந்தாள். மூணு மணிக்கு முன்னாலேயே அவன் வந்தான். உள்ளே வந்து உட்கார்ந்தான். டிவி போடவில்லை. என்னைப் பார்த்தே பேசினான்.

"கண்ணாயி, நான் புதன்கெழமயே மலை ஏறிட்டேன்."

தந்தி வாங்கின கையோடு கிளம்பினானாம். ஊருக்கு முன்னால் ஓடையில் அப்பன் தீர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தாராம். லீவில் இருக்கிறவன் வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்கிறான், கையில் காகிதம். அவன் வாயைத் திறப்பதற்குள் அப்பன் கையை நீட்டித் தடுத்தாராம். காப்புக் கட்டின கை. என்ன சொன்னார் என்று அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. நீ இன்னும் மலையே ஏறல. சனிக்கெழம காப்பு அவுக்கறேன், அப்ப வா. உங்க அத்தைக்கு இன்னும் மூணு நாளு மகன் இருக்கட்டும்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையடித்து வாங்கினாராம். அவன் இறங்கிப் போய்விட்டான்.

நம்புவதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு வருஷம் கழித்து எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. கோழைன்னு எத்தன தடவ சொன்னாலும் தாங்குவேன், நேத்து டிவியில அந்தம்மாவப் பாத்ததும் அத்தையை நெனச்சேன், முடியல என்றான். "உன்னோட வச்சுக்க. ஊருக்குத் தெரிய வேண்டாம். மாமா தீட்டோட குடம் எடுத்தார்னு ஆயிரும்."

நான் சரி என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

மே 30, வியாழன்

அந்தப் புதன்கிழமை அப்பன் வெறும் குடத்தோடு திரும்பி வந்தார். முழங்கால் உரிந்து ரத்தம். பாறையில் வழுக்கிவிட்டது என்றார். முப்பது வருஷமாகத் தீர்த்தம் எடுக்கிற மனுஷன் வழுக்கி விழுந்தாரா என்று அம்மா திட்டினாள். மறுபடி போய் எடுத்து வந்தார். வியாழக்கிழமை அம்மா முதல் துண்டை வைத்துக் கும்பிட்டபோது எழுந்து வெளியே போனார். வெள்ளிக்கிழமை கும்மி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, நல்லாப் பாடினே சாமி என்று தலையைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. பாட்டு பிடித்துப் போச்சு என்று நினைத்தேன்.

எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாம் இருந்தும் எங்கே போச்சு என் புத்தி?

நல்லாப் பாடினேன் என்றாரே. தெரிந்துகொண்டே சொன்னாரே. என்ன மனுஷன் அவர். அப்பன் மேல் கோபம் வருகிறது. செத்து நாப்பது வருஷம் ஆனவர் மேல் கோபப்பட்டு யாரிடம் போய்ப் பேசாமல் இருப்பது?

ஜூன் 5, புதன்

சொன்னால் அப்பன் பேர் கெடும். சாவு தெரிந்தும் காப்போடு சாமி முன் நின்றார் என்பார்கள். வருகிற மாசியில் முருகானந்தம்தான் குடம் எடுக்கணும், முத்தன் இல்லாததால் என் வழியாக வந்த உரிமை, இது மூணாம் தலைமுறை. அதுவும் போகும்.

சொல்லாவிட்டால் அருணாசலம் அப்படியே இருப்பான். பதுங்கினவன்.

நான் பொய் சொல்லவில்லை. தெரியாமல் சொன்னது. ஆனால் இப்போது தெரியுமே.

தொடர் ஓடுகிறது. அருணாசலம் வருகிறார். பட்டாளத் தலைவன் எட்டுப் பேரில் மூணு பேரைப் பாலத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். யார் யாரை விடுவது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

ஜூன் 7, வெள்ளி

எங்கள் ஊர்த் தனபால் பேத்திக்குக் காதுகுத்து. அருணாசலம் கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஏழு வயசுப் பிள்ளை ஒன்று, அந்தப் பக்கத்து ஊர்தான், அவரைக் காட்டி அதன் அம்மாவிடம் கேட்டது: "தந்தியை ஒளிச்சு வச்ச தாத்தா இவுருதானா?" அம்மாக்காரி அதன் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குச் சொன்னது நான்தான், அவள் கல்யாணத்தில்.

அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். பாயசம் இன்னும் வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஊர்க்கவுண்டர் குப்புசாமி ஊட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். ஓடை, காப்புக் கட்டின கை, மூணு நாள், எல்லாம். நான் ஊர் ஊராகச் சொன்னது தப்பு என்றும் சொன்னேன்.

குப்புசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "இத நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்களே" என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.

அந்த வருஷம் சாமை கருகினது இந்தத் தீட்டால்தானோ என்று அவர் பேச்சில் இழுத்தார். நான் அதற்கு முந்தின வருஷமும் கருகினது, அதற்கு முந்தியும் கருகினது, எந்தக் காட்டில் எவ்வளவு என்று சொன்னேன். பேச்சை விட்டுவிட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

கூட்டம் போட்டார்கள். அருணாசலம் மேல் குத்தம் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். எங்கள் ஊட்டுக் குடம் வருகிற மாசியில் தனபால் ஊட்டுக்கு. நாங்கள் கிடாய் வெட்டித் தீட்டுக் கழிக்க வேண்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஊட்டுக்கு வந்ததும் முருகானந்தம், தாத்தாவைப் போய் எதுக்கும்மா என்று மட்டும் கேட்டான்.

அருணாசலத்தின் கையை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை, முத்தன் செய்தி கொண்டு வந்த அன்றைக்குக்கூட.

"மாமா கையடிச்சு வாங்குனத அம்பத்திரண்டு வருசம் காத்தேன். உன்ன விட்டேன், பேரை விட்டேன். நீ பதினோரு நாள் காக்கல."

எதற்காகச் சொன்னேன் என்று சொல்லப் போனேன். கேட்கவில்லை. நடந்துவிட்டார்.

ஜூன் 17, திங்கள்

மூணு மணிக்கு நாற்காலி காலி.

ஜூன் 21, வெள்ளி

அவர் மருமகன் முரளி நாமக்கல்லிலிருந்து வந்து புது டிஷ் மாட்டிக் கொடுத்திருக்கிறானாம். இனிமேல் வர வேண்டிய வேலையும் இல்லை. பானுமதி போய், அத்தை கூப்பிடறாங்க என்று சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். கோபம் அவருடையது. நான் எனக்கு வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டேன், ஒரு நாள் குறைக்கவில்லை. அவரும் எடுத்துக்கட்டும். ஆயுசு ரெண்டு பேருக்கும் அவ்வளவு மிச்சம் இல்லை, அது வேறு.

ஜூன் 26, புதன்

மழை பிடித்துவிட்டது. மிளகுக்கொடிக்கு நல்லது.

மூணு மணிக்குத் தொடர் போட்டேன். மழைக்கு நடுவில் மேல்பக்கம் அவர் ஊட்டிலிருந்தும் அதே குண்டுச் சத்தம், எங்கள் டிவிக்கு ஒரு நொடி பின்னாலே. அவருக்குக் காது மந்தம், சத்தமாக வைப்பார். நான் என் டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, படத்தை இங்கேயும் சத்தத்தை அங்கேயுமாக, முடிகிற வரைக்கும் பார்த்தேன்.