வாளேந்தியவர் பற்றிய இயல்

மார்ச்சு 2

அன்புத் தங்கையே, பல்கலைக்கழகத்தில் வரலாறு ஆயும் அறிஞரே, கேள்!

நெஞ்சில் நெருப்பை வைத்துவிட்டாய். நலம் எங்ஙனம் விசாரிப்பேன்? ஐந்நூறு ஆண்டுக்கு முன் ஐரோப்பாவில், குழந்தைகளுக்கன்று, அறிந்து ஏற்பவருக்கே திருமுழுக்கு என்று சொல்லி உயிரீந்தவர்கள் நம் அனபாப்டிஸ்டு முன்னோர். வாள் தொடாத கூட்டம் என்று மேடைதோறும் முழங்குகிறேன் நான். நீயோ, அவருள் சிலர் வாளேந்தினர், நகரொன்றைப் பிடித்தனர், மறுத்தோரைக் கொன்றனர் என்று ஆய்வேட்டில் ஓர் இயலே எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறாய்! நம் சபை மூப்பர் கேட்கிறார்: "என்ன போதகரே, நாம படிக்க அனுப்பின பொண்ணே நமக்குக் குழி பறிக்குதா?"

மாத இறுதி ஞாயிறன்று என் மகள் முழுக்குப் பெறுகிறாள். அவள் மனம் கலங்கலாமா? அவ்வியலை நீக்கு.

உன் அண்ணன்

மார்ச்சு 8

அன்புள்ள அண்ணா,

ஒலிபெருக்கி இல்லாமலே உன் கடிதம் என் காதை அடைத்தது! சபைக்கூடத்து அடுக்களையில் எனக்கொரு மூலை ஒதுக்கி, "பாப்பா படிக்குது, பாத்திரத்த மெதுவா வைங்கடி" என்று ஒருவரையொருவர் அடக்கிய அக்காமார்களை மறவேன். அந்த நன்றியே என்னை எழுத வைத்தது. நம் சபையார் எதற்கும் சத்தியம் செய்யாதவர்கள், எந்நாளும் பேசுவது மெய்யாக இருக்கவேண்டும் என்பதால். ஆய்வுக்கு வேறொரு மெய் உண்டோ? பாதியை மறைத்துவிட்டு, அறிந்து ஏற்றுக்கொள் என்று உன் மகளிடம் எவ்வாறு சொல்வாய்?

தனியொருவர் தீர்ப்பளிப்பது நம் வழக்கமன்று. அவ்வியலைச் சபை முன் உரக்க வாசி. பிழையென்று காட்டினால் நீக்குவேன். வலிக்கிறது என்றால் நீக்கேன். அதற்காக என்னைச் சபையிலிருந்து விலக்கினாலும், அந்த அடுக்களையை வாழ்த்தியே போவேன். இருபத்தைந்தாம் நாள் ஆய்வேட்டை ஒப்படைக்கவேண்டும்.

உன் வாயாடி

மார்ச்சு 17

தங்கையே,

வாசித்தேன். முடித்தபோது மூப்பர் கைகளைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். என் மகள் எழுந்தாள்.

"அத்தை எழுதினது பொய்யாப்பா?"

"இல்லம்மா."

"அப்ப சமாதானம் நம்ம ரத்தத்துலயே ஊறியிருக்குன்னு போன வாரம் முழங்கினீங்களே, அது?"

எனக்கு இருமல் வந்துவிட்டது! "போதகரே, கொஞ்சம் தண்ணி குடிங்க," என்றார் மூப்பர். கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "முழுக்கு பரம்பரையா வராதுன்னா, வாளத் தொடாம இருக்கறதும் பரம்பரையா வராதுப்பா. நான்தான் முடிவெடுக்கணும். இன்னிக்கு எடுத்துட்டேன்."

மூப்பர் கண்ணைத் துடைத்தார். "பிழை எதுவும் இல்ல. அந்தப் பொண்ணு ஒரு வரியும் வெட்ட வேணாம்னு எழுதுங்க," என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

இறைவனுக்கு நன்றி, அடுத்து உனக்கு. என் மகள் கண்திறந்து நீருக்குள் இறங்கப் போகிறாள். முழுக்கு முடிந்ததும் வழக்கம்போல் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். உன் காலைக் கழுவ நான் மண்டியிடுவேன், வேறெவருக்கும் விட்டுக்கொடேன்.

இனி என்ன தயக்கம்? எழு! இக்கடிதம் கிடைத்த அன்றே ஏட்டை முழுமையாக ஒப்படை. அடுத்த வண்டியில் ஏறு!

உன் அண்ணன்