வாசலில் நின்ற தண்ணீர் லாரி

மே 2, சனி

மாடியில் நாங்கள் வாடகைக்கு விடுகிற எல்லா அறையும் நிரம்பிவிட்டது. ஹால் சோபாவில் படுத்துக்கொள்ளக்கூட ஒரு ஜோடி தயார் என்கிறது. மலையைப் பார்க்கிற சனமெல்லாம் இந்த ஒரு மாதத்திலேயே வந்து குவிய வேண்டுமா? சரி, வரட்டும். இவர்கள் குளித்துக்கொண்டே இருப்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வெளியே போகும்முன் ஒரு குளியல், திரும்பியதும் ஒன்று, தூங்கும்முன் இன்னொன்று.

மதியமே மேல்தொட்டி காலி. தண்ணி அண்ணனுக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். லாரியில் தண்ணீர் கொண்டுவருகிறவரைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும். "உனக்காக வரிசையை மாத்துறேம்மா" என்று உடனே வந்தார். சுடச்சுடச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். "உன் வாயை வச்சே இன்னொரு மாடி கட்டிடுவ" என்றார் என் வீட்டுக்காரர். பெருமையாகத்தான் இருந்தது.

தம்பி டயாலிசிஸ் முடித்து வந்து கீழறையில் தூங்குகிறான். செவ்வாய், வியாழன், சனி என்று அவன் பிழைப்பு அந்தத் தெருக்கோடி ஆஸ்பத்திரியில் ஓடுகிறது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவனுக்கு அதுவாவது பக்கத்தில் இருக்கிறதே.

மே 5, செவ்வாய்

காலையிலேயே ரகளை. தலை நிறைய ஷாம்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு, படிக்கட்டில் நின்று ஒரு மனிதர் கத்துகிறார். "காசு வாங்குறீங்கல்ல?" மறுபடி தண்ணி அண்ணன். வந்தார், தொட்டியை நிரப்பினார், சாப்பிட்டார், போனார்.

போன வேகத்தில் தம்பி திரும்பிவிட்டான். ஆஸ்பத்திரியில் தண்ணீர் இல்லையாம், மெஷின் ஓடாதாம். "லீவு விட்டுட்டாங்கக்கா" என்று சிரிக்கிறான். ரத்தத்தில் சேர்கிற அழுக்குக்கு யார் லீவு விட்டது? ஆஸ்பத்திரிக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

மே 6, புதன்

தம்பிக்குக் கால் வீங்கியிருக்கிறது. செருப்பு ஏறவில்லை.

மே 7, வியாழன்

இன்று நானும் கூடப் போனேன். சண்டை போடத்தான். இன்றும் மெஷின் ஓடவில்லை. நர்ஸ் பொறுமையாகத்தான் சொன்னார்: "ஒருத்தருக்கு ஒரு தடவை ஓட்டவே பெரிய டிரம்முக்கு மேல தண்ணி வேணும்மா. சுத்தி இத்தனை லாட்ஜ் போர் போட்டா நம்ம போர்ல காத்துதான் வரும். லாரியை நம்பித்தான் இருக்கோம். செவ்வாய்க்கிழமை டயர் பஞ்சர்னு டிரைவர் சொல்லிட்டாரு. இன்னிக்கு ஏதோ ரிப்பேராம்."

பஞ்சரா? செவ்வாய்க்கிழமை அந்த லாரி என் வாசலில் அல்லவா நின்றது? இன்று விடியும்போதும் அங்கேதான் நின்றது.

டீக்கடையில் தண்ணி அண்ணனைப் பிடித்தேன். அவர் மறைக்கவே இல்லை. "நீதானம்மா அவசரம்னு சொன்ன? ஆஸ்பத்திரில படுத்திருக்கிறவங்க போன் பண்ணித் திட்ட மாட்டாங்க. ரூம்காரங்க திட்டுவாங்க. உன் தம்பி அங்கதான் போறான்னு எனக்கென்ன தெரியும்?"

ஐயோ. என் தம்பி ரத்தத்தைக் கழுவ வேண்டிய தண்ணியில எவனோ தலை கழுவிட்டுப் போயிருக்கான். நான் சோறு போட்டு, சிரிச்சுப் பேசி, வரவழைச்சுக் கொடுத்திருக்கேன். என் தம்பி இல்லாட்டி மட்டும்? அங்கே வேறு யாரோ ஒருத்தியின் தம்பி படுத்திருந்தால்? அதை நான் ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை?

மே 8, வெள்ளி

காலையில் அவனுக்கு மூச்சு முட்டியது. மலைக்குக் கீழே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ். மலைப்பாதை முழுக்கக் கார்கள். இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு, நடு ரோட்டில் நின்று பனிமூட்டத்தோடு போட்டோ எடுக்கிறார்கள். சைரன் அலறுகிறது. ஒருத்தன் போனைத் திருப்பி ஆம்புலன்ஸையும் சேர்த்து வீடியோ எடுத்தான்! என் கண்ணால் பார்த்தேன், இன்னும் நம்ப முடியவில்லை. எங்கள் மாடியில் தங்கியிருப்பவர்களின் காரும் அந்த வரிசையில் நின்றது.

இவர் குதித்து இறங்கி, முன்னால் ஓடி, ஒவ்வொரு பானெட்டாகத் தட்டித் தட்டி வழி உண்டாக்கினார். கத்தியதில் தொண்டை கட்டிப்போய்விட்டது மனிதருக்கு.

"இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். மீதியைக் கேட்காமல் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மே 10, ஞாயிறு

தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான்.

கல்யாணமான புதிதில் நாங்கள் போன ஊர் நினைவுக்கு வந்தது. ஓட்டலில் வெந்நீர் கொட்டுகிறது. "காசு கொடுத்தாச்சு, இன்னொரு தடவை குளி" என்றார் இவர். குளித்தேன். அந்த ஊர்க்காரர்களுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊர் என்பது நமக்குப் பார்க்கத்தான் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

மழை பிடிக்கும்வரை மாடியைப் பூட்டப்போகிறேன் என்றேன். "சீசன்ல மூடுறதா? உனக்கென்ன பைத்தியமா? நீ மூடினா பக்கத்து லாட்ஜ்காரன் கொண்டாடுவான், அவ்வளவுதான்" என்றார். பூட்டிவிட்டேன். பேச்சை நிறுத்திவிட்டார்.

மே 12, செவ்வாய்

இவர் சொன்னதுதான் நடந்தது. காலையில் லாரி என் வாசலைத் தாண்டியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பக்கத்து லாட்ஜுக்குள் திரும்பியது. தண்ணி அண்ணன் என்னைப் பார்க்காத மாதிரி ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

மிச்சத் தண்ணீரில் தம்பிக்குப் பாதி நேரம்தான் மெஷின் ஓட்டினார்களாம்.

மே 14, வியாழன்

விடிந்ததும் லாரிக்குத் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் போய், டிரைவர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறியதில் முட்டி சிராய்த்துவிட்டது. "இது என்னம்மா கூத்து" என்றார் தண்ணி அண்ணன். "லோடு ஆஸ்பத்திரில இறங்குறவரைக்கும் நானும் இறங்க மாட்டேண்ணே" என்றேன்.

பக்கத்து லாட்ஜ்காரர் நடு ரோட்டுக்கே வந்து கையைக் காட்டினார். அண்ணன் கால் பிரேக்குக்குப் போனது. "நிறுத்தினா நேரா உங்க வீட்டுக்கு வருவேன். அண்ணிகிட்ட நீங்களே விளக்கிச் சொல்லுங்க" என்றேன். லாரி வேகமெடுத்தது. லாட்ஜ்காரர் ஓரமாகத் துள்ளிக் குதித்தார்.

ஆஸ்பத்திரித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். ஜன்னலில் தம்பி தலையை நீட்டினான். "என்னக்கா, லைசென்ஸ் எடுத்துட்டியா?" இன்று அவனுக்கு முழு நேரமும் ஓட்டினார்கள்.

சாயங்காலம் இவர் வாசலில் நின்று என் முட்டிக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் வாயைத் திறந்தார்.

"சனிக்கிழமை நான் ஏறிக்கிறேன். அந்த சீட்டு உனக்கு உயரம்."