வேலணை வீட்டுக்குப் புதுப் பூட்டு

சரவணைக் கிராமம்

அன்பு மகள் நிலாந்திக்கு,

நயினை அம்மன் புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம். அந்தக் குளிருக்குள் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நலமாயிருக்க அவளையே கும்பிடுகிறேன். அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, சிவப்பி கன்று போட்டிருக்கிறாள். போனில் சொன்னால் நீ இடையில் மறித்துக் கதைப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வேலணை வீட்டில் வாடகைக்கு இருக்கும் கிறேஸ் ரீச்சர் உன்னிடம் முறைப்பாடு சொன்னாராம். வீட்டைப் பார்க்க நீ சம்பளத்துக்கு வைத்த பரராசசிங்கத்தையே நீ விசாரித்தாயாம், "அதுகள் சும்மா குறை சொல்லுற சனம்" என்று அவர் சொன்னதும் விட்டுவிட்டாயாம். எனக்கு மனம் கேட்கவில்லை, பஸ் ஏறிப் போனேன். ரீச்சர் அழுதழுது சாமான் கட்டிக்கொண்டிருந்தார். பரராசசிங்கம் நினைத்த நேரம் தன்னிடமுள்ள திறப்பால் கதவைத் திறந்து வருகிறாராம், அலுமாரியைக்கூடத் திறந்து பார்க்கிறாராம், கேட்டால் வீட்டைச் சோதிப்பது தன் வேலையாம். ரீச்சரின் புருசன் கட்டாரில், வீட்டில் தாயும் குமர்ப்பிள்ளையும் மட்டும். நாங்கள் குசினியில் அடுப்படியருகே கதைத்துக்கொண்டிருக்கும்போதே முன்கதவு திறந்தது. தட்டவில்லை, கூப்பிடவில்லை, மனுசன் உள்ளே வந்து நிற்கிறார். கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்த அந்தப் பிள்ளை பதறி அறைக்குள் ஓடியதைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஆரைக் கேட்டு உள்ளுக்கு வந்தனீர்?" என்றேன். "நிலாந்தி தந்த திறப்பு, அவவின்ர வீடு" என்றார். "வீடு அவவின்ரைதான், குடியிருக்கிறது இந்தப் பிள்ளையள், திறப்பைத் தாரும்" என்றேன். "அவ சொல்லாமல் தர ஏலாது" என்று ஒரு சிரிப்பு வேறு. வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, ரீச்சரைக் கடைக்கு அனுப்பிப் பூட்டு வாங்குவித்து, பக்கத்து வளவில் நின்ற தச்சரைக் கூப்பிட்டு, அந்த மனுசன் பார்த்துக்கொண்டு நிற்கவே பழையதைக் கழற்றிப் புதுசு போடுவித்தேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது. நான் அவமானப்படுத்தியதாக உனக்குப் போன் எடுப்பார். உண்மைதான், அவமானப்படுத்தினேன்.

உன்னிலும் எனக்குக் கோபம், மகள். கொழும்பில் நீ அறை எடுத்துப் படித்தபோது ஒருவன் இப்படி நுழைந்திருந்தால் அப்பா சும்மா இருந்திருப்பாரா? பரராசசிங்கத்தை உடனே வேலையால் நிற்பாட்டு. ரீச்சரிடம் நீயே மன்னிப்புக் கேள், நீ கதைத்தால் இருப்பேன் என்றிருக்கிறார். புதுத் திறப்பில் ஒன்றை என்னிடம் நீட்டினார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீயும் விடுமுறைக்கு வந்தால் கதவைத் தட்டிவிட்டு வெளியிலே நில்.

பிள்ளைகளை அம்மன் காக்கட்டும். ரீச்சருக்குப் போன் எடுக்க மறந்துவிடாதே.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா
யோகம்மா